இடுப்பில் பிடித்த தையல்

1

இந்தக் கதை எனக்கு மூக்கின் மேல் கிடைத்தது. கேலியில்லை. பழைய கண்ணாடி ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருந்ததால் கடைக்குப் போனேன். சட்டத்தைச் சூடாக்கி, வளைத்து, முகத்தில் பொருத்திப் பார்க்கும் பெண், "கீழ பார்க்காதீங்க சார், நேரா என்னைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். பார்த்ததும் எழுதத் தோன்றிவிட்டது.

இடுப்புவரை உடலோடு ஒட்டி, அதற்குக் கீழே குடை போல விரியும் பச்சைக் கவுன். வட்டக் காலர். அகலமான பெல்ட். ஓரங்கள் பூனைக்கண் மாதிரி மேலேறி முடியும் மூக்குக் கண்ணாடி. என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு எடுத்த ஏதோ ஒரு போட்டோவிலிருந்து இறங்கி வந்து, வேலைக்குச் சேர்ந்துவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"மியூசியம், அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடும்மா" என்று கடை முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அந்தப் பெயருக்கு அவள் கோபப்படவில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தக் கவுன் எங்க வாங்கினதும்மா?"

"எங்கயோ ஒரு ஊர்ல, பழைய துணிக் கடையில சார். லீவு கிடைச்சா இப்படி உடுத்திக்கிட்டு எங்கயாவது போயிடுவேன். பழைய ஸ்டேஷன், பழைய தியேட்டர், பழைய ஹோட்டல். அங்க போய் நின்னா அந்த இடமே நம்மளை எதிர்பார்த்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும்."

"தனியாவா?"

"தனியாத்தான். ஒரே ஒரு தடவை அம்மா கூட வந்தாங்க." காதுக்குப் பின்னால் சட்டத்தை இன்னும் கொஞ்சம் வளைத்தாள். "அதைக் கேட்டீங்கன்னா இன்னைக்குக் கண்ணாடி ரெடியாகாது."

கேட்டேன். கண்ணாடி அன்றைக்கு ரெடியாகவில்லை.

2

முதல் வரியை மூன்று முறை எழுதி அடித்தேன். அடித்தவற்றையும் காட்டுகிறேன். ஒளித்து வைத்துச் சாதிக்கப் போவது ஒன்றுமில்லை.

மூடுபனி இறங்கிய மலைப்பாதையில் ஒரு சிவப்புத் தொப்பி மட்டும் மிதந்து— (அவள் தொப்பி போடுவதில்லை. "காத்துல பறந்தா யாரு சார் பின்னாடி ஓடுறது?")

காலம் என்பது ஒரு துணி என்று வைத்துக்கொண்டால்— (வைத்துக்கொள்ள வேண்டாம்.)

அம்மா மகளின் கோட்டைப் பழைய துணி வாங்குகிறவரிடம் தூக்கிப் போட்ட அன்று—

இது சரி. நடந்ததும் இதுதான். மர நிறத்தில், பெரிய பித்தான்கள் வைத்த கோட்டு. இரண்டு பஸ் மாறிப் போய், பேரம் பேசி, கிழிந்த உள்துணியை மாற்றித் தைத்து வைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்து அலமாரியைத் திறந்தால் வெறும் ஹேங்கர் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, என் கோட்டு எங்க?"

"போட்டுட்டேன்."

"போட்டுட்டேன்னா?"

"வாசல்ல வந்தாரு, போட்டுட்டேன். உனக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக்கோ, நான் தரேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு அந்த வீட்டில் சாப்பாடு மேசைக்கு வந்தது, துணி கொடிக்குப் போனது, பேச்சு மட்டும் வரவுமில்லை போகவுமில்லை. "வந்துட்டேன்", "போறேன்", "கதவைச் சாத்து". அப்பா இருந்திருந்தால் நடுவில் புகுந்து எதையாவது உளறிச் சிரிக்க வைத்திருப்பார். அவர் போய் வெகுகாலம்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் புதுத்துணிப் பைத்தியம். விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, புதிதாக இருக்க வேண்டும். துணியின் கழுத்திலிருக்கும் விலை அட்டையைத் தன் கையால்தான் வெட்டுவார். மடிப்புத் தெரிய உடுத்திக்கொண்டு போவார். இஸ்திரி போட்டால் புதுசு போய்விடுமாம்.

(இங்கே எனக்கு அம்மாவின் மேல் சந்தேகம் வந்தது. பழசை விரும்பும் மகள், புதுசை விரும்பும் அம்மா. தராசில் வைத்த மாதிரி இருக்கிறதே, வாசகர் நம்புவாரா? அம்மாவைக் கொஞ்சம் மாற்றி, பூச்செடிப் பைத்தியமாக்கிப் பார்த்தேன். கதை அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. எனவே பழையபடி எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். உண்மை சில சமயம் இப்படி மூக்கும் முழியுமாக வந்து நின்றுவிடும், நாம் என்ன செய்ய.)

3

மலையூர் ஒன்றில் பழைய விடுதி. மரப்படி, பித்தளைக் கைப்பிடி, சுவரில் ஓடாத கடிகாரம். கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய ரயில் ஸ்டேஷன். அங்கே போக ஒரு தோழியோடு சேர்ந்து டிக்கெட் எடுத்திருந்தாள். தோழிக்குக் காய்ச்சல்.

"வீணாப் போகுதே" என்றார் அம்மா, வேறு யாரிடமோ சொல்வது போல.

"நீ வாயேன்" என்றாள் மகள், அதே மாதிரி வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வந்துவிட்டார். இதைச் சமாதானம் என்று எழுதப் பார்த்தேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "சமாதானமெல்லாம் இல்ல சார். ரெண்டு பேருக்கும் வீட்டுல மூச்சு முட்டுச்சு."

பஸ்ஸில் மகள் தன் பழங்காலத்துக் கெட்டிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். கீழே போட்டால் மூலை நசுங்கிவிடும். அம்மாவின் பை, உள்ளே நான்கு புது உடைகளோடு, பஸ்ஸின் வயிற்றுக்குள் போனது. வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில், கல் கட்டிடங்கள் தெரிந்தபோது மகளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாரும்மா. பழசுலதான் ஒரு அழகு இருக்கு."

"வேற வழி இருக்கிறவங்களுக்கு எல்லாமே அழகுதான்" என்றார் அம்மா.

அந்தப் பதில் மகளுக்குச் சுருக்கென்றது. மேலே கேட்கவில்லை. விடுதிக்குப் பிரியும் சாலையில் இருவரும் இறங்கினார்கள். கோபத்தில் இருக்கிறவர்கள் இறங்குகிற மாதிரி விறுவிறுவென்று இறங்கி விறுவிறுவென்று நடந்தார்கள். பஸ் போய்விட்டது. பையும் போய்விட்டது. அது நினைவுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

(மழையை நான் வரவழைக்கவில்லை. எனக்குத் தேவையான இடத்தில் பெய்ததற்கு நான் பொறுப்பல்ல.)

4

விடுதிக்காரப் பெண்மணி நல்லவர். பஸ் டிப்போவுக்குப் போன் போட்டார். பை பத்திரமாக இருக்கிறது, காலை முதல் பஸ்ஸில் வரும் என்றார்கள். அம்மா தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டு நின்றார்.

"என்னோட ஸ்வெட்டரும் பாவாடையும் தரட்டுமாம்மா?" என்றார் விடுதிக்காரம்மா.

"வேண்டாங்க. காஞ்சுடும்."

"இந்தக் குளிர்ல எங்கங்க காயும்?"

"வேண்டாங்க." அம்மாவின் குரல் அவசியத்துக்கு மேல் கறாராக இருந்தது.

அறைக்குள் போய்ப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பல் கிட்டியது. மகள் பெட்டியைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் நீலக் கவுன் ஒன்றை எடுத்து வைத்தாள். அவளிடம் இருப்பதிலேயே நல்லது அதுதான். தன் இடுப்புக்கு அளவெடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தானே தைத்தது.

"எனக்கு ஊரார் துணி வேண்டாம்."

"இது என்னோடதும்மா."

"உனக்கு முன்னாடி?"

மகள் கவுனை இன்னும் அருகே தள்ளி வைத்தாள். "ஜுரம் வந்தா நான் என்ன பண்றது, சொல்லு" என்றாள். பிறகு அம்மா, "எனக்கு எங்க பத்தப்போகுது" என்றார். அது சம்மதம் என்று மகளுக்குப் புரிந்தது.

தையல் பெட்டியிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, விளக்கடியில் உட்கார்ந்து, தான் பிடித்த தையலைத் தானே பிரித்தாள். பழைய துணிகளில் உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருப்பார்கள். ஒரு வரிசை பிரித்ததும் அதற்குக் கீழே இன்னொரு வரிசை, வேறு நிற நூலில். யாரோ எப்போதோ பிடித்தது. அதையும் பிரித்தாள்.

"பார்த்துடி, கையைக் குத்திக்காத" என்றார் அம்மா. பல நாள் கழித்து முறைப்பில்லாமல் வந்த முழு வாக்கியம் அது.

5

இந்த இடத்தை நான் முதலில் எப்படி எழுதினேன் என்றால்:

அம்மா கவுனை அணிந்து கண்ணாடி முன் நின்றார். கண்களில் நீர் தளும்ப, தன் இளமையையே—

இதை அந்தப் பெண்ணிடம் கடையில் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"எங்கம்மா அப்படியெல்லாம் தளும்ப மாட்டாங்க சார். கண்ணாடிப் பக்கமே போகல. போட்டதும் பாக்கெட்ல கையை விட்டாங்க."

விட்டாராம். விட்டு, பாக்கெட்டை வெளியே இழுத்துக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்துத் துணியைப் பார்த்தாராம். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம்.

"என்னம்மா தேடுற?"

"கறை."

"என்ன கறை?"

அம்மா பாக்கெட்டைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தார். பிறகு, காய்கறி விலை சொல்கிற குரலில் சொன்னார். அவருக்குப் பத்துப் பதினோரு வயது. அவருடைய அம்மா வேலை செய்த வீட்டிலிருந்து துணி வரும். அந்த வீட்டுப் பெண்ணும் அதே பள்ளிக்கூடம். ஒரு விழாவுக்கு, வந்ததிலேயே நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். பக்கத்து வரிசையிலிருந்து அந்தப் பெண் சொன்னாள், "ஐ, அது என்னோட கவுன். பாக்கெட்ல மைக் கறை இருக்கும் பாருங்க." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரிந்த பொருளைப் பார்த்த சந்தோஷத்தில் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் பார்க்க வந்தார்கள். அம்மா பாக்கெட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். விழா முடியும்வரை கையை எடுக்கவில்லை. எல்லோரும் கைதட்டியபோதும்.

"நாங்க வேற வழியில்லாம போட்டதை நீ ஆசையாப் போடுற. எனக்கு அதைப் பார்க்க முடியலடி. அந்தக் கோட்டு அலமாரியில தொங்கினா எனக்குக் கழுத்து அரிச்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா."

"கேட்டா, ஏன்னு சொல்லணும்ல."

இப்போது மகள் என்ன சொல்ல வேண்டும்? நான் அவளுக்காக எழுதிய வசனங்கள் கிட்டத்தட்ட ஒரு பக்கம் இருக்கின்றன. "என்னை மன்னிச்சிடும்மா", "இனிமே பழசே போட மாட்டேன்", "அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேற." எல்லாமே பொய்யாக ஒலித்தன, அவள் போடாமல் இருக்கப் போவதுமில்லை. அவள் உண்மையில் சொன்னது:

"அந்தப் பொண்ணு அப்புறம் உன்கூடப் பேசினாளா?"

"பேசினா, பேசினா. மறுவருஷம் என் பக்கத்துலதான் உட்கார்ந்தா. நல்ல பொண்ணு." அம்மா இடுப்பைத் தடவிப் பார்த்தார். "இங்க இன்னும் கொஞ்சம் இறுக்குது. பிரிக்க முடியுமா?"

மகள் முட்டி போட்டு உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் பிரித்தாள். அவளுக்குக் கத்தரி முனை தெரியவில்லை. அம்மாவுக்குத் தளும்பியதாக நான் எழுதிய கண்ணீரை இங்கே இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

6

சாப்பிடக் கீழே இறங்கினார்கள். சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்த விடுதிக்காரம்மா, அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"அட, ரொம்ப நல்லாருக்குங்க! புதுசா?"

மகள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். அம்மா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. என் பொண்ணோடது. அவளே தைச்சா."

அவ்வளவுதான். சூப் சூடாக இருந்தது என்று மகள் சொன்னாள். கதைக்குத் தேவையில்லை, ஆனால் அவளுக்கு அது நினைவிருக்கிறது.*

* நல்ல எடிட்டர் இங்கேயே கதையை முடிக்கச் சொல்வார். எனக்கும் ஆசைதான். ஆனால் காலையில் பை வந்துவிட்டதே.

7

முதல் பஸ்ஸில் பை வந்தது. நான்கு புது உடைகளும் நனையாமல், மடிப்புக் கலையாமல் இருந்தன. நீலக் கவுன் நாற்காலியின் முதுகில் கிடந்தது. அம்மா இரண்டையும் பார்த்தார். மகள் எதையும் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"நீ கீழ போய் இரு. நான் வரேன்" என்றார் அம்மா.

மகள் மரப்படியின் அடியில் போய் நின்றாள். இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அம்மா புது உடையில் இறங்கி வருகிறார். (நியாயம்தான். ஒரு ராத்திரிக் குளிருக்காக ஆயுள் வைராக்கியத்தை விட வேண்டுமா?)

அம்மா நீலக் கவுனில் இறங்கி வருகிறார். (என் மனைவிக்கு இதுதான் பிடித்தது. எனக்கும் விரல் துறுதுறுத்தது.)

கவுனுக்கு மேல் புது ஸ்வெட்டர். (எல்லோரும் கைதட்டுவார்கள். அதனாலேயே எழுதக் கூசியது.)

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை வாங்கிக்கொள்ளப் போன அன்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்துவிட்டு, கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தபடி, "ஒரு விஷயம் சார்" என்றாள். "நீங்க எழுதுறதா அம்மாகிட்ட சொன்னேன். எழுதட்டும்னாங்க. கோட்டைத் தூக்கிப் போட்டதையும் எழுதட்டும், பரவாயில்லைன்னாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் வேண்டாமாம்."

"என்ன?"

"அன்னைக்குக் காலையில என்ன உடுத்தியிருந்தாங்கன்னு எழுத வேண்டாமாம். 'சின்ன வயசுல எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க. படிக்கிறவங்களும் அதையேவா பார்க்கணும்?'னு கேட்டாங்க."

சரிசெய்த கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகவே உங்களுக்குப் பிடித்ததை நீங்கள் அவருக்கு உடுத்திவிடுங்கள். அல்லது என்னைப் போல அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. ஈர மரப்படி என்பதால் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக இறங்குகிறார். கடைசிப் படிக்கு வந்ததும் மகளைப் பார்க்கிறார்.

"என்னடி அப்படிப் பார்க்கிற? வா, அந்த ஸ்டேஷன் எங்கன்னு காட்டு."