தெரிந்த குறைகள்

…அதையும் எழுதித்தான் ஆகவேண்டும், எல்லாக் கையேட்டிலும் 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பகுதி உண்டு, விட்டுவிட்டால் கம்பெனி மேலாளர் பிரதாப் சார் சென்னையிலிருந்து கேட்பார், குறையே இல்லாமல் இருக்க இதென்ன சாமியா தர்ஷினி என்று. தேவதர்ஷினி மடிக்கணினி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். மற்றதெல்லாம் எழுதியாயிற்று. இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் இந்தக் கருவி உள்ளே போய், மெனு, படம், விளம்பரம் என்று குப்பையையெல்லாம் கழித்துவிட்டு, எழுத்தை மட்டும் அள்ளிவந்து ஏஐ ஏஜெண்ட்டிடம் கொடுக்கும், ஏஜெண்ட் அதைப் படித்துவிட்டுக் கேட்டவருக்குப் பதில் சொல்லும்… எவ்வளவு சுத்தமான வாக்கியங்கள், ஏரிக்கரை ஊரான பசியாவரத்தில் கருவாட்டு வாடைக்கு நடுவில் உட்கார்ந்து, எவனோ முகம் தெரியாதவன் படிக்க ஆங்கிலத்தில் எழுதியவை. எது குப்பை என்று அதற்கு யார் சொன்னது? வண்ணக் கட்டத்துக்குள் இருந்தால் விளம்பரம் என்று நினைத்துக்கொள்கிறது. நினைக்கிறதா? அது எங்கே நினைக்கிறது, அந்தத் தொல்லை எல்லாம் இவளுக்குத்தானே.

வேணு மாமா காட்டூரில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தபோது போன் செய்தார், "நாளிக்கு என் பாடுதானம்மா, கொஞ்சம் பாத்துச் சொல்லு." ஏரியில் இறால் விழும் இடத்தில் ஆளுக்கொரு நாள் முறைவைத்து வலை கட்டுவதுதான் பாடு, அடுத்தவன் முறையில் வலை போட்டவனைவிடப் பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கு இந்த ஊரில் மரியாதை அதிகம். முறை விவரத்தை ஊர்ப் பையன்கள் ஓர் இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். பக்கத்து அறையில் நைனா ராஜவேலு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தாள் இவள், கருவியைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு என்று அந்தப் பக்கத்தை அதற்குக் கொடுத்தாள். நாளை வேணுவின் முறை என்றது ஏஜெண்ட். ஆமாம் மாமா, உங்க பாடுதான் என்றாள் இவள், என்னவோ தானே போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல. பக்கத்தின் உச்சியில் மஞ்சள் கட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு இருந்திருக்கிறது. புயலில் முறை இழந்த ராஜவேலுவுக்கு அந்த நாளைக் கொடுப்பதாகப் பெரியவர்கள், ஊரில் இல்லாத வேணுவைக் கேட்காமலேயே, பேசி முடித்த அறிவிப்பு. கருவி அதைக் கழித்துவிட்டது. விடியலில் நைனா படகோடு போனால் அங்கே வேணு மாமா வலை கட்டிக்கொண்டு நிற்கிறார். நைனா ஊரில் முறையிட்டார். இன்று சாயந்திரம் கூட்டம், வேணுவின் பாட்டை ஒரேயடியாகப் பிடுங்கிவிடுவார்கள் என்றுதான் பேச்சு. பிடுங்கினால் அந்த வீட்டுக்கு ஏரி இல்லை, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலிக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

மத்தியானம் வேணு மாமாவின் பெண்டாட்டி வேலம்மா அத்தை பின்வாசலில் வந்து நின்றாளே… உள்ளேகூட வரவில்லை. "மாமா சோறு துன்னாம குந்திகினு கீறாரு தர்ஷினி. போன்ல நீ சொன்னத வந்து ஒரு வார்த்த சொல்லும்மா." பொம்பளைங்க கூட்டத்துக்கு வர்றதில்லையே அத்தை என்றாள் இவள். எந்தக் காலத்தில் இவள் ஊர் வழக்கத்தை மதித்தாள்? இன்றைக்கு அது எவ்வளவு வசதியாக வாயில் வந்தது. "உங்க நைனாகிட்டயாவது சொல்லு, அவரே விட்டுக்குடுத்துடுவாரு." வேலையை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நைனா அப்போது வீட்டில்தான் இருந்தார், சட்டையை மாட்டினார், தண்ணீர் கேட்டார், இவள் மொண்டு கொடுத்தாள், அவர் குடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள், வாய் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும், ஊர்ப் பாட்டை மிஷினிடம் கேட்டவள் என்று சிரிப்பார்கள், நைனா தலை குனிவார்… குனியட்டுமே, ஒரு குடும்பத்தின் கஞ்சியைவிட அது பெரிதா? பெரிதுதான் போலிருக்கிறது. வெட்கமாக இருந்தது, ஆனால் கால் நகரவில்லை.

அதனால் எழுதினாள். 'பக்கத்தின் மேலே வண்ணக் கட்டத்தில் உள்ள முக்கிய அறிவிப்புகளை விளம்பரம் என்று கருதி இந்தக் கருவி நீக்கிவிடக்கூடும், முடிவெடுக்கும் முன் மூலப் பக்கத்தைப் பார்க்கவும்.' எழுதியதும் நெஞ்சு லேசானது, பாவமன்னிப்பு கிடைத்த மாதிரி, யாரிடம் மன்னிப்பு, வேணு மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா? கொஞ்ச நேரத்தில் பிரதாப் சாரின் செய்தி வந்தது, அந்த வரி வேண்டாம், வாங்குகிறவர்கள் பயப்படுவார்கள். இவள் எதிர்த்து ஒரு சொல் எழுதினாளா? சரி சார் என்றாள், வரியை அழித்தாள், கையேட்டை அனுப்பினாள். வெளியே கூட்டம் கலைகிற சத்தம் கேட்டது.

நைனா வாசலில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னார், "வேணு ஒத்துக்கினான். ஆசப்பட்டுப் பண்ணிட்டேன்னான், பாட்டப் புடுங்கிட்டாங்க. கடைசி வரைக்கும் உம் பேர இழுக்கல, தங்கமான ஆளு." நைனாவிடம் இவள் எதையுமே சொல்லவில்லையே. ஏரியிலேயே வேணு மாமா சொல்லியிருப்பாரா, உன் பொண்ணுதான் பார்த்துச் சொன்னாள் என்று… அப்படியென்றால் முறையிடப் போகும்போதே நைனாவுக்குத் தெரியும், மத்தியானம் இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போதும் தெரியும், இரண்டு பேரும் ஒரு சொம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று… ஏன் நைனா என்று கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும். வாய் திறந்தது.

"அவுரு பாடு இனிமே யாருக்கு நைனா?" என்று கேட்டாள்.