கரு வாங்கி

தப்பு மேளத்தின் ஒலி நெடுங்கேணி வீதியில் ஏறி மங்கிய பிறகுதான் பன்றி கத்துவது எல்லோருக்கும் கேட்டது. முந்தின நாள் நெஞ்சுவலியில் போன வீரையாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மயானத்துக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். மகள் தர்மிளா ஈரச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தவிட்டு வாளியை எடுத்தாள்.

"நீ ஏம்மா போற? தீட்டு வீட்டுல..." என்றாள் அம்மா அமராவதி.

"பண்டிக்கு என்னம்மா துடக்கு? அதுக்குப் பசி."

காலையில் அப்பாவின் தலைமாட்டில் நின்றபடியே தம்பி சதீஸ் சொல்லியிருந்தான்: "எல்லாம் முடிஞ்ச கையோட உந்தப் பண்டியை ஏத்தி விடப்போறன் அக்கா. இறைச்சிக்காரர் பின்னேரம் வாறாராம். சினைப்படாத சனியனை அப்பா எல்லோ கட்டி அழுதவர். எனக்கு ஏலாது."

அந்தப் பன்றி கடைசியாகச் செத்த குட்டிகளையே ஈன்றது. கருப்பையில் அழற்சி கண்டு சீழ் வடிந்தது. பிறகு பருவத்துக்கே வரவில்லை. அதற்குச் சற்று முன்புதான் தர்மிளாவின் கருவும் கலைந்து, அவளும் அதேபோல் கருப்பை அழற்சியால் காய்ச்சலில் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா வந்து கதிரையில் இருந்தார். "சாப்டியாம்மா?" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு போனில் கேட்கத் தொடங்கினார். மகள் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்வது பன்றிக் கருப்பையைத்தான் என்பது அவருக்கு வசதியாயிற்று.

"அதுக்கு ஏம்மா ஆற மாட்டேங்குது?"

அவள் விளக்கினாள். கருப்பையின் கலங்களில், அதாவது செல்களில், சில வாங்கிகள் உண்டு; கரு வாங்கிகள் என்று பெயர். ஓமோன் வந்து பொருந்தினால் அவை கலத்தின் கருவுக்குள் இருந்து வேலை செய்யும். எந்த மரபணு விழிக்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று சொல்லும். அழற்சியைத் தணிப்பதும் அவற்றில் சிலதான். அவை பிசகினால் புண் ஆறாது, சினை தங்காது.

"கரு வாங்கியா? கருவ வாங்கிக்கிறதா?"

"இல்லையப்பா, இந்தக் கரு வேற, இது கலத்துக்குள்ள..." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. திருத்தாமல் விட்டாள்.

"சரி, அது வாங்குற வரைக்கும் வச்சிருப்போம்."

அதன்பின் எப்போது போன் எடுத்தாலும் ஒரே கேள்விதான்: "ஆறிருச்சாம்மா?" பன்றி நின்றது அவருடைய கூட்டில். பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். ஆனாலும் அவளிடம் கேட்டார். அவளும், "இன்னும் இல்லையப்பா" என்றே சொல்லிவந்தாள்.

தவிட்டை ஊற்றினாள். பன்றி திரும்பியும் பார்க்கவில்லை. காதுகளை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு கத்தியது. குனிந்து பின்புறம் பார்த்தாள். சீழ் இல்லை. கண்ணாடிபோல் தெளிந்த நீர்.

மயானம் போனவர்கள் வரும்வரை அங்கேயே நின்றாள்.

சதீஸ் குளித்த ஈரத்தோடு வந்தான். "இறைச்சிக்காரர் சந்தியில நிக்கிறாராம் அக்கா."

"இஞ்ச பார்."

இரு கைகளையும் பன்றியின் முதுகில் ஊன்றி அழுத்தினாள். அது நகரவில்லை.

"அப்பாவும் பருவம் வந்திட்டுதோ எண்டு ஒவ்வொரு நாளும் இப்பிடி அமத்திப் பாக்கிறவர்," என்றான் சதீஸ். "அப்பவெல்லாம் இது ஓடிரும்." பன்றியைப் பார்த்தபடியே போனை எடுத்தான். "அண்ணை, வராதேங்கோ."

பின்னால் அமராவதி வந்து நின்றது தர்மிளாவுக்குத் தெரிந்தது.

"ஆறிருச்சாம்மா?"

அவள் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை. பன்றி அசையாமல் நின்றது.