மஞ்சள் வண்டி

அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதற்குள் ஏறுகிறவர் திரும்ப இறங்குவது எப்படி என்பதுதான். பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். கூரை என் மார்புக்குக்கூட எட்டவில்லை. ஷோரூமின் விளக்கெல்லாம் அதன் மேலேயே விழும்படி வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த சாதாரண கார்கள், அழைக்காமல் கல்யாணத்துக்கு வந்தவர்களைப் போல ஓரமாக நின்றன.

“எப்படி இருக்கு?” என்றார் என் கணவர்.

“பின் சீட்டு எங்க?”

“இதுல பின் சீட்டு கிடையாது மேடம். ரெண்டே பேர்தான்,” என்றான் விற்பனைக்கார இளைஞன். அவன் போட்டிருந்த கோட்டு அவனுக்கு ஒரு சுற்று பெரிது.

“சரி, காய்கறிப் பையை எங்க வைக்கிறது?”

“டிக்கி முன்னாடி இருக்கு மேடம். இன்ஜின்தான் பின்னாடி.”

“எல்லாமே தலைகீழா இருக்கே! தம்பி, ஏறச் சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி இறங்கச் சொல்லிக் குடுங்க.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். என் கணவர் சிரிக்கவில்லை. இடது கையால் வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். வலது கை பேன்ட் பைக்குள் இருந்தது. வீட்டில் பூட்டைப் பூட்டும்போது உள்ளே போன கை, வண்டி ஓட்டிய நேரம் தவிர வெளியே வரவேயில்லை.

அவர் பல் டாக்டர். கல்யாணமான புதிதில், கிளினிக்கில் அவருக்கு உதவியாள் கிடைக்காததால் ஒரு வாரம் நான் கூட நின்றேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. டோக்கன் கொடுப்பதும் நான்தான், சிமெண்ட் குழைப்பதும் நான்தான், நாற்காலியில் அழுகிறவர்களை அதட்டுவதும் நான்தான். வேலை நடக்கும்போது அவர் வாயைத் திறந்து எதையும் கேட்க மாட்டார். கண்ணை நோயாளியின் வாயிலிருந்து எடுக்காமல் வலது உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார். பஞ்சா, கண்ணாடியா, பல் பிடுங்கும் குறடா, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எள் என்றால் எண்ணெயாய் நிற்கிறவள் நான். இங்கே எள் என்றுகூட யாரும் சொல்வதில்லை. சில நேரம் அவர் ஒன்றை நினைத்து நீட்டுவார், நான் வேறொன்றை வைப்பேன். ஒரு நொடி பார்த்துவிட்டு அதையே வைத்து வேலையை முடிப்பார். “கேட்டதைக் குடுக்க யார் வேணா போதும், வேணுங்கறதைக் குடுக்கத்தான் நீ,” என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் பாராட்டத் தெரியாத மனுஷன்.

அந்தக் கை ஆட ஆரம்பித்தது அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும். நீட்டிய உள்ளங்கையில் கட்டைவிரல் மட்டும் தனியாக அசைந்தது, கண்ணுக்குத் தெரியாத மாத்திரையை உருட்டுவதைப் போல. பிறகு தேநீர்க் கோப்பை இடது கைக்கு மாறியது. கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது. போன மாதம் வேர் சிகிச்சைக்கு வந்த ஒருவரை வேறு டாக்டரிடம் அனுப்பினார்; நான் காரணம் கேட்கவில்லை. மறுவாரம், தோள் வலிக்கிறது, கிளினிக்கைக் கொஞ்ச நாள் மூடலாம் என்றார். மூடினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார், நானும் பரிமாறிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் உடைந்துவிடுவார் என்று பயம். கேட்காமலே உள்ளுக்குள் நான் உடைந்துகொண்டிருந்தேன்.

கைகூடப் போகட்டும். கால்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இன்று இங்கே வரும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். தூரத்திலேயே தெரிந்தாள். அவர் அவளைப் பார்த்தார், பார்த்ததை நானும் பார்த்தேன். ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. போக நினைத்தது, போகவில்லை. “என்னங்க!” என்று நான் கத்திய பிறகுதான் வண்டி குலுங்கி நின்றது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு கைக்குட்டை விரிக்க இடமில்லை. அந்தப் பெண் திட்டக்கூட இல்லை, வெளுத்துப் போய் நின்றாள்.

“பிரேக் தேஞ்சு போச்சு,” என்றார் அவர். “அதான் வேற வண்டி பார்க்கலாம்னு.”

பிரேக்கைப் போன மாதம்தான் மாற்றியிருந்தோம்.

“நாலு செகண்ட்ல நூறைத் தொடும் சார்,” என்று இளைஞன் சொல்லிக்கொண்டிருந்தான். “ஆக்ஸிலரேட்டர்ல காலை வெச்சா போதும், அமுக்கவே வேணாம்.”

நான் அவர் காலைப் பார்த்தேன்.

“ஓட்டிப் பார்க்கலாமா?” என்றார் அவர். கிளினிக் தொடங்கிய நாளில் பெயர்ப்பலகையைப் பார்த்த முகம் அப்போது அவருக்கு. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கென்று அதே மஞ்சளில் இன்னொரு வண்டி வாசலில் நின்றது. அவர் உள்ளே இறங்கி உட்கார்ந்தார். ஏறினார் என்று சொல்ல முடியாது. இளைஞன் அவருடைய லைசென்ஸை வாங்கிக்கொண்டு, சாவியை என்னிடம் நீட்டினான்.

“இதைக் கொஞ்சம் வெச்சுக்குங்க மேடம், லைசென்ஸை ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு ஓடி வந்துடறேன். நீங்க உள்ள சோபால உக்காருங்க. சார் கூட நான்தான் போகணும், ரெண்டு சீட்டுதானே.”

அவன் போய்விட்டான். நான் உள்ளே போகாமல், திறந்திருந்த ஓட்டுநர் கதவருகே நின்றேன். வாசலுக்கு வெளியே சாலை. பள்ளிக்கூடம் விட்ட நேரம். பைகளும் தண்ணீர்ப் புட்டிகளுமாகப் பிள்ளைகள் கும்பல் கும்பலாகக் கடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சைக்கிள் சக்கரம் கண்ணிலேயே நின்றது.

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார்.

பழக்கம் பொல்லாதது. என் கை சாவியோடு பாதி தூரம் போய்விட்டது. நீட்டிய உள்ளங்கையில் கட்டைவிரல் உருட்டிக்கொண்டே இருந்தது. சாவியை என் கைப்பைக்குள் போட்டேன். குனிந்து, அந்த உள்ளங்கையில் என் கையை வைத்தேன்.

அவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். என் கைக்குள் அவர் கை நடுங்கியது.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்றார்.

“உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடிலேர்ந்து.”

“ஏன் கேக்கலை?”

“நீங்க ஏன் சொல்லலை?”

அவர் கையை விடுவித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். நடுக்கம் நின்றது. “பாரு. எதையாவது பிடிச்சா ஆடறதில்ல. பாரு!” ஒரு பிள்ளையைப் போலச் சொன்னார். “ஒரே ஒரு தடவை. நேர் ரோடுதான். நாளைக்கு இதுவும் முடியாம போயிடும். டாக்டர்கிட்ட போனேன். நடுக்குவாதமாம், இனிமே கூட மட்டும்தான் செய்யும்னு சொல்லிட்டார்.”

“கை பிடிச்சா ஆடல. சரி. கால்?”

அவர் குனிந்து பெடலைப் பார்த்தார்.

“வர்ற வழியில அந்தப் பொண்ணு,” என்றேன். “நான் கத்தினேன், நின்னுது. இதுல நான் இருக்க மாட்டேன். அந்தத் தம்பிக்கு எப்போ கத்தணும்னு தெரியாது.”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. சாலையில் ஒரு பிள்ளை இந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, தோழனின் தோளைத் தட்டிக் காட்டினான். இருவரும் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். என் கணவரும் அவர்களைப் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்தார். அது உடனே ஆடத் தொடங்கியது.

“இறக்கி விடு,” என்றார்.

இறக்குவது நான் பயந்தபடியேதான் இருந்தது. ஒரு கையை நான் பிடித்து இழுக்க, ஜெராக்ஸோடு ஓடி வந்த இளைஞன் மறு கையைப் பிடிக்க, மூன்று தடவை முயன்று எழுந்தார். “எல்லாருக்குமே இது கஷ்டம்தான் சார், சீட்டு அவ்ளோ தாழ்வு,” என்றான் அவன். நல்ல பிள்ளை. அவனிடம் சாவியைக் கொடுத்து, இன்றைக்கு வேண்டாம் என்றேன். அவன் முகம் தொங்கியது. ஆனாலும் எங்கள் பழைய கார் வரைக்கும் கூடவே வந்தான்.

அவர் ஓட்டுநர் பக்கக் கதவருகே போய் நின்றார். நின்றுவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார்.

நான் வண்டி ஓட்டி வருஷக்கணக்காகிறது. லைசென்ஸைப் புதுப்பித்துப் புதுப்பித்து வைத்திருந்தேனே தவிர, ஓட்டவில்லை. காரணம் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் ஓயாது. ‘கியரை மாத்து! இன்ஜின் அழுவுது, காது கேக்கலையா? மாவாட்டற மெஷினா இது?’ அதற்குப் பயந்தே சாவியை அவரிடம் விட்டுவிட்டேன். ஒரு நாள் அந்த வாயை அடைக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் கறுவியிருக்கிறேன்.

சீட்டை முன்னால் இழுத்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். முதல் கியர், இரண்டாவது கியர். சாலைக்கு வந்து பிள்ளைகளைத் தாண்டினேன். வழி காலியாயிற்று, வேகம் கூடிற்று. மூன்றாவதுக்கு மாற்ற வேண்டும், எனக்கே தெரியும். மாற்றவில்லை. இன்ஜின் முனகியது, பிறகு ஓலமிட்டது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

வேண்டுமென்றேதான் அப்படி ஓட்டினேன். ஒரு வார்த்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். கண் மறைத்தது, துடைத்துக்கொண்டேன்.

அவர் வலது கையை ஒளிக்காமல் மடிமேல் விட்டிருந்தார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

வீடு வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.