அரை இன்ச் இடம்

மூடப்போகிற செருப்புக் கடையின் நடுவே கமா மண்டி போட்டு உட்கார்ந்து, ஓர் இரும்பு ரேக்கின் அகலத்தை இன்ச் டேப்பால் அளந்துகொண்டிருந்தார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சார், இந்தக் கடையில வர்றவங்க முன்னாடி மண்டி போடுறது எங்க வேலை. முப்பது வருசத்துல கஸ்டமர் ஒருத்தர் போடுறது இதுதான் முதல் தடவை," என்றார்.

கமா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த ஐந்து வாரமாக அவருக்கு எந்தச் சிரிப்பும் முழுசாக வருவதில்லை.

கமா என்பது அச்சகத்தில் விழுந்த பெயர். ஒரே ஒரு கமா விட்டுப்போனதற்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே ஒருமுறை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து முதலாளிக்கும் சரி, தாள் அடுக்குபவருக்கும் சரி, அவர் கமா சார்தான். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர் என்பார்களே, அந்த ரகம். அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் அவருக்கு ஒரு பிரதி உண்டு. அது போதாதென்று பழைய புத்தகக் கடைகளிலிருந்து அகராதிகளாக அள்ளிக்கொண்டு வருவார். வீடோ இரண்டே அறை. கட்டிலுக்கு அடியில் தொடங்கிய புத்தகங்கள் சுவர் ஓரமாக ஊர்ந்து, நாற்காலிகளில் ஏறி, குளியலறைக் கதவு பாதிக்கு மேல் திறக்காதபடி போய் நின்றன. சற்றே பருத்த விருந்தாளிகள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். மனைவி ஒன்றும் சொல்லாத பிறவி இல்லை. கத்துவாள். மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடுவேன் என்று மாதம் ஒரு முறை மிரட்டுவாள். ஆனால் வெளியாள் யாராவது வாயைத் திறந்தால் மட்டும் விடமாட்டாள்.

அவள் தையல்காரி. ஜன்னலோரம் மெஷின் போட்டிருக்கிறாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடை முழுக்க அவள் கைதான்.

அந்தக் கைதான் உடைந்தது. ஐந்து வாரத்துக்கு முன் ஒரு காலை, ஒரு சொல்லில் சந்தேகம் வந்து, கமா சுவரோர அடுக்கின் அடியில் இருந்த அகராதியை உருவினார். உருவுவதற்காக மேலே இருந்த பதினோரு புத்தகங்களையும் சமையலறை வாசலில் இறக்கி வைத்தார். சொல் கிடைத்தது. அதே நேரம் அச்சகத்திலிருந்து போன் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார். துவைத்த துணிக்கூடையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவளுக்குக் கீழே தரை தெரியவில்லை. வலது மணிக்கட்டு, இரண்டு இடத்தில்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எதிர்வீட்டு நர்ஸ். கமா மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் அந்த அம்மா பிடித்துக்கொண்டாள். "நல்லாயிருக்கு சார். இது வீடா குடோனா? என்னைக்காவது ஒருநாள் இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் மனைவி, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு. "நேத்து நான்தான் அங்க தூசி தட்டினேன். நான்தான் வாசல்ல வச்சிருப்பேன். வச்சது கூட ஞாபகம் இல்ல பாருங்க."

கமா வாயைத் திறந்தார். உண்மை தொண்டைக்குழி வரை வந்துவிட்டது. நர்ஸ் முறைத்துக்கொண்டு நின்றாள். இந்த அம்மா முன்னால் எதற்கு, வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரை மயக்கத்தில் அவள் தூங்கிப்போனாள். மறுநாள் அவளுடைய அக்கா வந்தாள். அதற்கடுத்த நாள் சொல்லலாம் என்றால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. நாள் ஏற ஏற அந்தக் கேள்விதான் பெரிதாயிற்று. நான் பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருந்தேன் என்று தனக்குத்தானே பூசி மெழுகிப் பார்த்தார். ஒட்டவில்லை. யாரோ எழுதிய புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிழைக்கு மெஷினை நிறுத்துகிற மனிதர், சொந்த வீட்டில் இவ்வளவு பெரிய பிழையை அப்படியே ஓடவிட்டிருந்தார்.

சமைத்தார், பாத்திரம் கழுவினார், அவளுக்குத் தலை சீவிக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டார். அவள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எத்தனை பேருக்கு இப்படி ஒரு புருஷன் அமையும்?" என்பாள். யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருக்கும் கமாவுக்கு.

மாவுக்கட்டு பிரிப்பதற்குள் ஒரு புத்தகம் கூடத் தரையில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்தது இப்படித்தான். பெரிய கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் தொங்கிய விலைச்சீட்டை இரண்டு முறை படித்தார், அதில் பிழை எதுவும் இல்லை. தச்சர் ஒருவர் வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் பார்த்து, "இந்தக் கனத்துக்கு மரம் வாங்கணும்னா நீங்க இந்தப் புத்தகத்தையெல்லாம் விக்கணும் சார்," என்று தேநீர் குடித்துவிட்டுப் போனார். மலிவு விலைப் பலகை ஒன்றை வாங்கி வந்து அடுக்கினார், அது ஒரே வாரத்தில் வயிறு தள்ளி நின்றது. கடைசியில் அச்சகத்துக்காரர் ஒருவர் ரேக்குகளை மலிவாக விற்கும் இந்தச் செருப்புக் கடையைச் சொன்னார்.

கடைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மனைவி தன் இன்ச் டேப்பை எடுத்தாள். "நான் அளக்குறேன், நீங்க எழுதுங்க." இடது கையால் டேப்பைப் பிடித்து, மறுமுனையை மாவுக்கட்டால் அமுக்கிக்கொண்டு, உடம்புக்கு அளவெடுப்பது போலவே எடுத்தாள். சின்னப் புத்தகம் ஏழரை. நடுத்தரம் ஒன்பது. அகராதி பன்னிரண்டே கால். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "என்ன சொன்னேன்? ஒன்பதுதானே?" என்று கேட்டாள். பழக்கமில்லாத கை, அதனால் நிதானம் பார்க்கிறாள் என்று கமா நினைத்தார்.

அன்று இரவு அவள் தூங்கிய பிறகு ஸ்கேல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அகராதி சரியாகப் பதினொன்றே முக்கால். மற்றவையும் அப்படியே, ஆளுக்கு அரை இன்ச் கூடுதல். பாவம், கை நழுவியிருக்கும். சிவப்பு மையால் ஒவ்வொரு எண்ணையும் அடித்துத் திருத்தி, ஓரத்தில் குறி போட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாக ஓடிற்று. அரை அரை இன்ச்சாகக் குறைத்ததில் ரேக்குக்கு ஒரு தட்டு கூடியது. நாலு ரேக்குக்குப் பதில் மூன்றே போதும். கட்டுப்படியாகும். கமாவுக்கு ஐந்து வாரத்தில் முதல்முறையாக ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

செருப்புக் கடைக்காரர் தாளை வாங்கிப் பார்த்து, "இதே அளவுக்குப் புதுசா ஓட்டை போட்டு மாட்டச் சொல்றேன் சார். அப்புறம் மாத்த முடியாது, பரவாயில்லையா?" என்றார்.

"அளவெல்லாம் பக்காவா இருக்கு," என்றார் கமா.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று ரேக்கும் வந்தன. கடை ஆள் சுவரோடு நிறுத்தி, ஆட்டிப் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கிவிட்டுப் போனார். தட்டுகளின் ஓரத்தில் ஆறு, ஏழு, எட்டு என்று செருப்பு அளவுச் சீட்டுகள் இன்னும் ஒட்டியிருந்தன. வீடே ரப்பர் வாசனை. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம வீட்டுத் தரை என்ன நிறம்னே மறந்துபோச்சுங்க," என்று ஈரத்துணியால் தட்டுகளைத் துடைத்தாள். பிறகு ஓர் அகராதியை இடது கையால் தூக்கித் தட்டில் வைத்துத் தள்ளினாள்.

போகவில்லை. மேல் தட்டின் மடிப்பில் இடித்தது. சாய்த்துத் தள்ளினாள். பாதியில் சிக்கிக்கொண்டது. கமா வந்து பலமாக அமுக்கினார், உள்ளே போயிற்று. இப்போது வெளியே வரவில்லை. விரல் நுழைய இடமில்லை. நடுத்தரப் புத்தகமும் அப்படித்தான், சின்னதும் அப்படித்தான்.

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தப்பா அளந்துட்டேன்."

"விடு, பாத்துக்கலாம்."

"இல்லைங்க. முப்பது வருசமா அளக்குறேன். லூஸ் விடாம ஒரு துணி வெட்டினது கிடையாது. அரை இன்ச் சேர்த்துத்தான் சொன்னேன்னு நினைச்சேன். சத்தியம் பண்ணச் சொன்னாக்கூடப் பண்ணியிருப்பேன்." குரல் இறங்கிவிட்டது. "உங்ககிட்ட சொல்லல. வாசல்ல புத்தகம் வச்சது ஞாபகம் இல்லாம போச்சுல்ல, அன்னையிலேர்ந்தே பயமா இருக்கு. எங்கம்மாவுக்கு என் வயசுலதான் ஆரம்பிச்சது. முதல்ல பொருளை எங்க வச்சோம்னு தெரியல. கடைசியில எங்களையே தெரியல. நான் தினமும் காலையில எழுந்து சீருடை அளவெல்லாம் சொல்லிப் பாத்துக்குவேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடப் போறேன். கை சரியானாலும் இனிமே எனக்கு ஆர்டர் வேணாம்னு."

 அவளுடைய வலியும், போன வருமானமும்தான் தன் கணக்கில் என்று கமா நினைத்திருந்தார். ஐந்து வாரமாகத் தன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு ஒருத்தி விடியற்காலையில் இடுப்பளவும் தோளளவும் வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த முணுமுணுப்பு அவர் காதிலும் விழுந்ததுதான். ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அளவு சரியாத்தான் சொன்னே," என்றார். "அரை இன்ச்சை நான்தான் அடிச்சேன். நீ தப்பா சொல்லிட்டேன்னு நினைச்சு." சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் அவள் சொன்ன எண்கள் அப்படியே இருந்தன.

அவள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "ஏழரை... ஒன்பது... பன்னிரண்டே கால்..."

"அப்புறம்," என்றார் கமா. இனி நிறுத்தினால் பிறகு எப்போதும் வராது. "வாசல்ல புத்தகத்தை வச்சதும் நீ இல்ல. நான். அகராதி எடுக்கறதுக்காக இறக்கி வச்சேன். போன் வந்துச்சு, அப்படியே போயிட்டேன். உனக்கு ஞாபகம் இல்லாம எல்லாம் இல்ல. நீ வைக்கவே இல்ல."

அவர் காத்திருந்தார். தாளைக் கிழித்து முகத்தில் எறிவாள் என்று நினைத்தார். எறிந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"நான் வைக்கல," என்றாள் அவள், மெதுவாக. "நிஜமாவா? நான் வைக்கலயா?"

"இல்ல."

முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "கடவுளே! அப்ப எனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு!" தடுமாறி எழுந்து, மெஷின் மேல் இருந்த போனை இடது கையால் எடுத்து அக்காவுக்குப் போட்டாள். கமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வழியில் கிடந்த புத்தகங்களைக் குனிந்து வாரித் தாடை வரை அடுக்கிக்கொண்டு நின்றார்.

"அக்கா! நான் வைக்கலயாம் அக்கா! அந்தப் புத்தகம்... ஆமா, அவர்தான் வச்சாராம்! எனக்கு அம்மா மாதிரியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, நீ அழாத, நானே அழல பாரு..." சின்னப் பெண் போலப் பேசிக்கொண்டே போனாள். கமாவின் கைகள் கனத்தன. எதிரே மூன்று ரேக்குகளும் காலியாக நின்றன, ஒரு புத்தகத்தையும் அவற்றில் வைக்க முடியாது.

மறுமுனையில் அக்கா ஏதோ கேட்டாள். மனைவியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"இன்னைக்குத்தான் சொன்னாரு," என்றாள்.

அக்கா மறுபடி என்னவோ கேட்டாள்.  மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, புத்தகங்களுக்கு மேலே தெரிந்த கமாவின் கண்களைப் பார்த்தபடி நின்றாள்.