மூன்று கோட்டுப் பீப்பாய்

கிழட்டுச் சேவல் லேசில் வேகாது. ராத்திரி முழுக்கச் சிவப்பு ஒயினில் ஊறியும், காலையிலிருந்து அடுப்பில் கிடந்து அடம்பிடித்தது. இந்தப் பாழாய்ப்போன விருந்தை யார் கேட்டார்கள் என்று லெயோந்தின் அதோடு சண்டை போட்டுக்கொண்டே கிளறினாள். கேட்டவன் அவள் புருஷன் ஆன்செல்ம்தான். ஒயின் தரகர் வெர்ஷேர் பீப்பாய்களை ருசி பார்த்து விலை பேச வருகிறார். தரகர் வந்தால் சேவல் அடிக்காத வீடு அந்த ஊரில் கிடையாது.

சேவலை அறுத்தது, ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்து உறையாமலிருக்கக் காடி கலந்து வைத்தது, எல்லாம் அவள்தான். ஆனால் ஊறவைக்கும் ஒயினை மட்டும் ஆன்செல்மே நிலவறையிலிருந்து கொண்டுவந்தான். கரண்டி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாத மனுஷனுக்கு இதென்ன புது அக்கறை? "இதுல ஊறப்போடு" என்று கூஜாவை நீட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அந்த வீட்டில் முகம் பார்த்துப் பேசுவது போன அறுவடையோடு நின்றுபோயிற்று. ஒரே மகன் கஸ்பார் திராட்சை மிதிக்க மூன்றாம் தொட்டிக்குள் இறங்கினான். நுரைத்துப் பொங்கும் தொட்டியில் இறங்குமுன் எரியும் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அணைந்தால் கெட்ட காற்று, ஆள் இறங்கக்கூடாது. அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. "நேத்துதான பாத்தோம், இன்னிக்கும் என்னத்தப் பாக்குறது?" என்று சிரித்துக்கொண்டே குதித்தான் பாவி. பிணமாகத்தான் தூக்கினார்கள்.

"அந்தத் தொட்டி ஒயின் ஒரு சொட்டுகூட மனுஷ வாயில படக்கூடாது. அவ்வளவையும் ஓடையில கொட்டுங்க" என்றாள் அன்றைக்கு. கொட்டிவிட்டேன் என்றான். ஓடை சிவப்பாக ஓடியதை அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவள் தொண்டையில் ரொட்டி இறங்கியது.

சட்டியில் குழம்பு சுண்டிவிட்டது. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். அருமையாகத்தான் இருந்தது, இன்னும் ஒரு குவளை ஒயின் விட்டால் சரியாகிவிடும். வந்து சேர்ந்த தரகரும் ஆன்செல்மும் நிலவறையில் ருசி பார்த்து முடித்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். அவளே கூஜாவோடு படியிறங்கினாள்.

மூலையில் பழஞ்சாக்குகள் விலகிக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னே ஒரு பீப்பாய். அதன் மேல் ருசி பார்த்த இரண்டு கிண்ணங்கள் இன்னும் ஈரமாக இருந்தன. பீப்பாயின் முகப்பில் ஆன்செல்மின் கையால் சாக்பீஸ் கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனையாவது தொட்டி ஒயினோ அத்தனை கோடு போடுவது அவன் வழக்கம்.

"அடப் படுபாவி!"

அவன் கூஜாவில் நீட்டியதும் இதுதானா! நாக்கில் அந்த ருசி இன்னும் இருந்தது. துப்பினாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் நாக்கைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். கொட்டிவிட்டேன் என்றானே! பெற்ற பிள்ளையின் சாவை ஒளித்துவைத்து விற்கப் பார்க்கிறானே! மேல்தக்கையைப் பிடுங்கி எறிந்தாள். சுத்தியலை எடுத்துக் குழாயை ஒரே அடியில் பெயர்த்தாள். ஒயின் பீறிட்டு அவள் பாவாடையை நனைத்துச் சரளைத் தரையில் ஓடியது.

மேலே வந்து கதவைச் சாத்தினாள். சட்டியைக் கவிழ்த்துவிடலாமா என்று கை போனது. வேண்டாம், தின்னட்டும், அவனே தின்னட்டும். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, ரத்தத்தைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கிளறினாள். கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். குழம்பு கறுத்துத் திரண்டு வந்தது.

வெர்ஷேர் கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் துண்டை விழுங்கிக் கண்ணை மூடினார்.

"அம்மா, எங்க வீட்டுக்காரி சமைச்சா சேவல் ரெண்டாந்தடவை சாகும். இது எந்திரிச்சுக் கூவும்போல இருக்கே!"

யாரும் சிரிக்கவில்லை. அவர் விடவில்லை.

"உங்க வீட்டுக்காரருக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கம்மா. மத்ததெல்லாம் பேசி முடிச்சாச்சு. மூலையில சாக்குப் போட்டு மூடி வச்சிருக்காரே, மூணு கோட்டுப் பீப்பாய், அதக் குடுக்க மாட்டேங்குறாரு. நான்தான் சாக்க விலக்கி, கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய் வாங்கிக் குடிச்சேன். கேட்ட விலை தர்றேன்னாலும், விக்கிறதுக்கில்லன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

லெயோந்தினின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "விக்கலையா?"

ஆன்செல்ம் தட்டைப் பார்த்தபடியே பேசினான். "மத்ததக் கொட்டிட்டேன். அந்த ஒரு பீப்பாயக் கொட்டத்தான் கை வரல. அவன் காலு பட்டது, லெயோந்தின். அவன் கடைசியாச் செஞ்ச வேல. உங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. சேவக்கறின்னா உசுர விடுவானே, அதான் ஒரு கூஜா..." சொன்ன சொல் அவனையே சுட்டது. நிறுத்திக்கொண்டான்.

பிறகு எழுந்தான். "நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு. கொண்டாறேன்."

மெழுகுவர்த்தியைக் கொளுத்தினான். அன்றிலிருந்து அவன் அது இல்லாமல் எங்கேயும் இறங்குவதில்லை. போகாதீங்க என்று சொல்ல லெயோந்தின் வாயைத் திறக்குமுன் அவன் கதவருகே போய்விட்டான். நிலவறைக் கதவு திறந்தது. சமையலறை முழுக்க ஒயின் வாசம் ஏறியது.

"என்னம்மா, இப்படித் தூக்குது?" என்று மூக்கை உறிஞ்சிய வெர்ஷேர், மிச்சக் குழம்பை வழிக்க ரொட்டித் துண்டோடு சட்டிக்குள் கையை விட்டார்.

லெயோந்தின் பாய்ந்து சட்டியை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சுட்ட இரும்பு கையைப் பொசுக்கியது. அவள் விடவில்லை.

"தொடாதீங்கய்யா! இவ்வளவுதான் இருக்கு!"

கீழேயிருந்து ஆன்செல்ம் அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டான்.