கிளட்ச் இல்லாத மஞ்சள் கார்

விலை பேசி முடித்திருந்த கரூர்க்காரர் காரை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு வந்து நின்றபோது, பேட்ரிசியா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வீடு திரும்பிய நேரம். வாக்கரை மதிலில் சாய்த்துவிட்டு, கூரையை மடக்கிய அந்த மஞ்சள் காருக்குள் எப்படியோ தன்னை இறக்கிக்கொண்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இறங்கு என்றான் அண்ணன் ஆசீர். மாட்டேன் என்றாள். அண்ணி பிரான்சி வந்து கெஞ்சினாள். பேட்ரிசியா ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. அம்மாமண்டபம் ரோடு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வண்டி அவளுடையதுதான். கோவாவில் செய்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், 2003 மாடல். பெண்கள் கல்லூரியில் கணக்கு வாத்தியார் வேலைக்குச் சேர்ந்து, முதல் ஐந்து வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள் இப்படியொரு காரில் தலைமுடி பறக்கக் காவிரிப் பாலத்தைத் தாண்டுகிறாளே என்று சர்ச் பங்கு சனங்கள் பேசாத பேச்சில்லை. பேசட்டுமே. பதினான்கு வருஷம் அவள் பாட்டுக்கு ஓட்டினாள். பிறகு ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பஸ்ஸின் பின்சக்கரம் இடது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் மயக்கமும் வலியுமாகக் கிடந்த வாரத்தில் ஆசீர் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதில் வண்டியை விற்கிற தாளும் ஒன்று, வாங்க ஆள் கிடைத்தது இப்போதுதான். அண்ணன் கெட்டவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேங்க் மேனேஜர், பொறுப்பானவன், தங்கைக்காக ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தவன். ஆனால் அந்த நாளிலிருந்து அவன் வாயில் ஒரு வார்த்தை வந்து ஒட்டிக்கொண்டது. பாவம். தினமும் அவளைக் கல்லூரியில் இறக்கிவிடும்போது வாட்ச்மேனிடம் சொல்வான், பாவம், கொஞ்சம் பாத்துக்கங்க என்று. பெண்களுக்கு இருபது வருஷமாகக் கணக்கு நடத்துகிறவளை வாட்ச்மேன் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்! அந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம் மிச்சமிருக்கிற காலும் போன மாதிரி அவளுக்கு இருக்கும்.

"கிளட்ச் மிதிக்கணுமே, பேட்ரிசியா. எப்படி ஓட்டுவ? சும்மா நிறுத்தித் துருப்பிடிக்க விடவா?" என்றான் ஆசீர், லாரிக்காரன் முன்னாலேயே.

"கிளட்சை எடுத்துட்டா?" என்றாள் அவள்.

கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. கரூர்க்காரரிடம் அந்தத் தாளை ஒரு நிமிஷம் காட்டச் சொல்லி வாங்கி, நாலாய் எட்டாய்க் கிழித்தாள். அவர் நல்ல மனுஷர். மனசு மாறினா போன் பண்ணுங்க என்று வெறும் லாரியோடு போய்விட்டார். சாயங்காலம் பிரான்சி யாரிடமோ போனில், வித்துடச் சொன்னா ஒத்தக்கால்ல நிக்கிறா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளறையில் பேட்ரிசியா சத்தம் போட்டுச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பாலக்கரையில் நிஜாமுதீன் பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். மஞ்சள் காரை ஆரம்பத்திலிருந்து பார்த்துவருகிறவர். சமயபுரம் டோல்கேட் பக்கம் பின்னால் லாரி இடித்து நசுங்கிய ஒரு சின்னக் கார் அவரிடம் கிடந்தது. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் புதுசு போல இருந்தன. அந்த இரண்டையும் கழற்றி என் வண்டியில் வைத்துவிடுங்கள், கிளட்ச் பெடலே இருக்கக்கூடாது என்றாள் பேட்ரிசியா. பாய் முடியாது என்பதற்கு வரிசையாகக் காரணம் சொன்னார். எஞ்சின் பெரிசு, இடம் சின்னது. பழையது அறுபது குதிரை, இது தொண்ணூறு, பிரேக்கையும் மாற்ற வேண்டும். வயர் எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியில் போய் முடிகிறது, அது வேறு வண்டியில் உட்கார்ந்தால் கோபித்துக்கொள்ளும். இவ்வளவுக்கும் பதிலாக ஒரு புது ஆட்டோமேட்டிக் காரே வாங்கிவிடலாமே மேடம் என்றார்.

அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். புதுக் கார் வாங்கினால் கால் போனவளுக்கு ஏற்ற கார் என்று ஆகிவிடும். அவளுக்கு அவள் கார் வேண்டும். இதைப் பாயிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நாடாவை எடுத்து அந்த எஞ்சினை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அச்சு அசலாக அதே அளவில் ஒரு எஞ்சினும் கியர்பாக்ஸும் செய்து, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பாலக்கரைக்குப் போய் இறங்கினாள். கடைவீதியே வேடிக்கை பார்த்தது. பாய் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு அட்டை எஞ்சினை இறக்கிப் பார்த்தார். ரேடியேட்டரைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால், ஒரு அங்குலம் மிச்சம். பாய் தாடியைச் சொறிந்தார். சரி மேடம், கணக்கு உங்களுது, கை என்னுது என்றார்.

அப்புறம் ஏழு மாதம். எஞ்சினை மாற்றுவதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் மதிக்கிறார்களோ, பேட்ரிசியா மதித்தாள். நான்கு முறை படியேறி, நாற்காலி எடுத்துப் போட வந்தவர்களை எல்லாம் வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வரிசையில் நின்றே வாங்கினாள்.

எஞ்சினைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தைச் செய்ய பாய் ஒரு ஆளைப் பிடித்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்தைந்து வருஷமாக வெல்டர், பெயர் மதுரைவீரன். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வந்து, பத்தே நாளில் செய்து முடித்தார். என்ன வெல்டிங், என்ன நேர்த்தி! தடவிப் பார்த்தால் கையில் ஒரு பிசிறு தட்டாது. பேட்ரிசியாவே உட்கார்ந்து முதல் தடவை ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. ஆசீரும் வந்திருந்தான்.

சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடி வண்டி மொத்தமும் உதற ஆரம்பித்தது. பக்கத்துக் கண்ணாடி கழன்று விழுந்தது. நம்பர் பிளேட் தாளம் போட்டது. பேட்ரிசியாவின் பல்லோடு பல் அடித்தது, இல்லாத காலில்கூட அதிர்வு ஏறுகிற மாதிரி இருந்தது. பாய் ஓடி வந்து எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். அரை அங்குலத் தகட்டில் சட்டம். எஞ்சினுக்கும் வண்டிக்கும் நடுவில் ரப்பர் என்ற பேச்சே இல்லை. இரும்போடு இரும்பு, போல்ட் போட்டு முறுக்கியிருந்தது.

கேட்டால், மதுரைவீரன் இருபத்தைந்து வருஷமும் வேகன் செக்‌ஷனில் இருந்தவராம். கோதுமையும் சிமெண்டும் ஏற்றுகிற சரக்குப் பெட்டி. அதில் எஞ்சின் ஏது, அதிர்வு ஏது? "அறுபது டன் ஏத்துனாலும் வளையாது மேடம்" என்றார் பெருமையாக. இதில் நான் ஒருத்திதானே ஏறப்போகிறேன் என்றாள் பேட்ரிசியா. அவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே வந்து, சட்டத்தை வெட்டி எடுத்து, பாதிக் கனத்தில் புதிதாகச் செய்து, நல்ல ரப்பராகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் அன்றைக்கு அந்த உதறலை ஆசீர் பார்த்துவிட்டானே. வீட்டுக்கு வந்ததும் கரூர்க்காரருக்குப் போன் போட்டுவிட்டான். பேட்ரிசியா கேட்டாள், யாரைக் கேட்டுப் போட்டாய் என்று. அவன் குரலை உயர்த்தவில்லை. அவன் உயர்த்துவதும் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சல். உனக்கு ஒண்ணுன்னா நான்தானே பாக்கணும் என்றான். கால் போனதால் லைசென்ஸ் டெஸ்ட் புதிதாகக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதில் தேறினால் நான் வாயே திறக்கமாட்டேன், தேறாவிட்டால் வண்டி கரூருக்குப் போகட்டும் என்றான். ஆத்திரத்தில் அவளும் சரி என்று சொல்லித் தொலைத்தாள். சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்குகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

டெஸ்ட் நாள் வந்தது. வண்டி போன வாரமே சோதனையில் தேறிவிட்டது. எல் போர்டு மாட்டிக்கொண்டு ஒரு மாதம் பாயைப் பக்கத்தில் வைத்துப் பழகியும் ஆயிற்று. பாய் காலையிலேயே வண்டியை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அண்ணனும் தங்கையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் ஐம்பது வயசுக்காரர், கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். மஞ்சள் வண்டியைச் சுற்றி வந்தார். பேட்ரிசியாவின் செயற்கைக் காலைப் பார்த்தார். ஆசீர் அவரைக் கொஞ்சம் ஒதுக்கிக் கூட்டிப்போய் மெல்லிய குரலில் பேசினான். பேட்ரிசியாவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. பாவம் சார், கால் போனதுலேர்ந்து ரொம்ப ஒடிஞ்சுபோயிட்டா, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.

பாருங்கள் இந்த மனுஷனை! டெஸ்டில் தோற்றால் வண்டியை விற்கிறேன் என்றவனும் இவன்தான், தங்கை தோற்கக்கூடாது என்று கெஞ்சுகிறவனும் இவன்தான். அண்ணன் பாசம்தான், சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். வண்டிக்குள் ஏறக்கூட இல்லை. பானட்டின்மேல் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்து, வண்டி அவளுக்கு. கரூர் போகாது. காலையில் அவள் ஜெபித்ததும் அதற்குத்தானே. அவள் கை நீண்டு அந்தத் தாளின்மேல் அழுத்தமாக உட்கார்ந்தது.

"டெஸ்ட் எடுங்க சார். எடுக்காம கையெழுத்துப் போடாதீங்க."

"பரவால்லம்மா. உங்க நிலைமையப் பாத்து..."

"இந்தத் தாள்ல என் நிலைமைக்குன்னு கட்டம் எதுவும் இல்ல சார். ஓட்டத் தெரியுமா தெரியாதாங்கறதுதான் இருக்கு. அதை மட்டும் பாருங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்லது செய்யப் போன இடத்தில் இப்படியா என்று. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, எடுங்க என்றார். எட்டுப் போட வைத்தார், போட்டாள். ரிவர்ஸில் அதே எட்டைப் போடச் சொன்னார், போட்டாள். மேட்டில் பாதியில் நிறுத்தி, ஒரு அங்குலம் பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார், எடுத்தாள். கடைசியாக ரோட்டுக்குப் போங்க என்றார். கேட்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பியதும் முன்னால் வெறும் ரோடு, வெயில், காற்று. கால் தானாக அழுந்தியது. தொண்ணூறு குதிரையும் ஒன்றாகக் கிளம்பியது. இரண்டு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் திறந்துகொண்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "கேட்டுலேர்ந்து திரும்பறப்ப இண்டிகேட்டர் யாரு போடுவா? உங்க அண்ணனா? காலேஜுல பாடம் நடத்தறீங்க, இது தெரியாது? ஃபெயில். ஏழு நாள் கழிச்சு வாங்க."

திரும்பி வந்து இறங்கியதும், ஃபெயில் என்று போட்ட தாளை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஆசீர் பதறிப்போய் அவர் பின்னால் ஓடப் பார்த்தான். பேட்ரிசியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இரண்டு வருஷமாக ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. வகுப்பில் பெண்கள்கூட அவள் தப்பாக எழுதிய கணக்கைத் திருத்தாமல் பேசாமல் இருந்தார்கள். இந்த மனுஷர் திட்டினார், எல்லோரையும் திட்டுகிற மாதிரியே திட்டினார். இதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்.

மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு வகுப்பு. ரெண்டு சீட்டு வண்டி, ஆகையால் பாய் பஸ் பிடித்துப் போய்விட்டார். ஆசீர் தயங்கித் தயங்கிக் கேட்டான், அப்ப கரூர்க்காரருக்குச் சொல்லிடவா என்று.

"சொல்லு. அதுக்கு முன்னாடி நீ இதைக் காலேஜ் வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டேன்னா நானே அவருக்குப் போன் போடறேன்" என்று சாவியை நீட்டினாள்.

இதிலென்ன பெரிய விஷயம் என்று ஆசீர் ஏறினான். இருபத்தைந்து வருஷம் கார் ஓட்டியவன், ஒரு டெஸ்டில் தோற்றதில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. வேகம் கூடியதும் அவன் இடது கை கியரைத் தேடிப் போயிற்று, கூடவே இடது கால் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். வண்டி நட்டுவைத்த மாதிரி நின்றது. இரண்டு பேரும் பெல்ட்டில் போய் மோதினார்கள். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ கிறீச்சிட்டது. சாரி சாரி என்று மறுபடியும் எடுத்தான். மாம்பழச்சாலையில் இரண்டாவது தடவை. காவிரிப் பாலத்தின் நடுவில் மூன்றாவது தடவை. இந்தத் தடவை பின்னால் டவுன் பஸ். டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, ஓட்டத் தெரியாதவனெல்லாம் எதுக்குய்யா ரோட்டுக்கு வர்றீங்க என்று கத்தினார்.

ஆசீர் வியர்த்துப்போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தக் காலைச் சும்மா வைக்க அவனால் முடியவில்லை. வைக்க வைக்க அது தானாக எழுந்து வந்தது.

"இடது காலை மடக்கி வச்சுக்கண்ணே" என்றாள் பேட்ரிசியா. "இந்த வண்டிக்கு அது வேணாம்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நின்றான். அவள் கியருக்கு மேலே செயற்கைக் காலைத் தூக்கிப் போட்டு, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.