தாள் நுழையும் இடைவெளி

துப்பாக்கி பழுது பார்ப்பவரின் மகள் தன் பதினைந்தாம் வயதில் தரையைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். பெரிய உயரம் ஒன்றுமில்லை, ஒரு தாள் நுழையும் அளவுதான். அம்மா இறந்த ஆண்டின் மழைக்காலத்தில் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, துடைப்பம் அவள் பாதத்துக்கு அடியிலும் புகுந்து குப்பையை வாரிக்கொண்டு வந்தது. பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அதன்மேல் நின்று இழுத்துப் பார்த்தாள். கசங்காமல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அப்போதுதான் மறுபடி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார். அந்தச் சோற்றில் மண்ணைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. கோடைக்குள் தாள் அளவு அட்டை அளவாகிவிட்டது. மேலே போய்விட்டால் வீட்டுக்குள் கூரை இருக்கிறது, தெருவில் என்ன இருக்கிறது என்ற யோசனை வந்ததிலிருந்து அவள் கடைகளின் கூரை ஓரமாகவே நடந்தாள், மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது அத்தை. துடைத்த ஈரத்தில் இவள் நடந்து போனாள், சுவடே விழவில்லை. தம்பி வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தை வாயைப் பிளந்து நிற்கிற ரகமில்லை. பட்டறையிலிருந்து ஈயக் குண்டுகளை அள்ளிவந்து பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்தாள், தம்பியிடம் மூச்சு விடவில்லை. பாதம் தரையில் பட்டது. ஆனால் அன்றுமுதல் மகள் எல்லாவற்றுக்கும் ஒரு சாண் இடப்பக்கம் போக ஆரம்பித்தாள். தம்ளரை எடுக்கப் போனால் காற்றைப் பிடித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது பக்கத்துத் தையற்கடையின் கதவைத் தட்டினாள். தையற்காரர் மனைவி தோளைப் பிடித்துத் திருப்பி விடுவாள். கண்தான் கெட்டுவிட்டது என்று அப்பா மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தார். அதற்கப்புறம் தவறவிட்ட தம்ளர் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"கொஞ்சம் கோணலாப் போனா என்ன, தரையில இருக்கியா இல்லையா?" என்றாள் அத்தை.

அந்த வாரம் ஒரு வனக்காவலர் தன் பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குறிபார்க்கும் கண்ணாடியாகப் புது ஸ்கோப் மாட்டியதிலிருந்து, குறியாக வைத்த டப்பாவை விட்டுவிட்டு இடப்பக்க மரத்தையே சுடுகிறது என்றார். தன்னால் முடிந்தமட்டும் திருகுகளை முறுக்கிப் பார்த்துவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். அவர் போனபின் அப்பா ஸ்கோப்பைக் கழற்றி, அதைத் தாங்கும் இரும்புத் தட்டின் மற்றத் திருகுகளை எடுத்துவிட்டு முன் திருகை மட்டும் மெல்ல முறுக்கினார். தட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. மகளை டார்ச் பிடிக்கச் சொன்னார். தட்டுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தது.

"கீழ இடைவெளிய வச்சுக்கிட்டு மேல மேல முறுக்கியிருக்கான் மகராசன்," என்று முணுமுணுத்தார். "தட்டு வளைஞ்சா கண்ணாடியும் சேர்ந்துதான் திரும்பும். கீழ நிரப்பணும்டா, மேல அழுத்தக் கூடாது."

துப்பாக்கியின் முதுகில் மெழுகு பூசினார், பசை ஒட்டிவிடக் கூடாதென்று. திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்தார். இரண்டு குழாய்களில் வரும், கலந்தால் கல்லாக இறுகும் பசையைக் கலந்து தட்டின் அடியில் தடவினார். கலந்துவிட்டால் பிறகு கையை எடுக்க முடியாது, தலையையும் தூக்க முடியாது. மகள் அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்திருந்தாளோ என்னவோ.

"அப்பா, எனக்கும் கீழ வெளிச்சம் தெரியுது."

அவர் நிமிரவில்லை. தட்டை அதன் இடத்தில் அழுத்தாமல் உட்காரவைத்து, பிதுங்கிய பசையைப் பஞ்சால் ஒற்றியெடுத்தார்.

"எவ்வளவு?"

"மொதல்ல ஒரு தாள். இப்போ நோட்டு அட்டை. அத்தை ஈயம் வச்சுத் தச்சிருக்கா." டார்ச் ஆடியது. "பயமா இருக்குப்பா. அப்படியே போயிடுவேனோன்னு."

"வெளிச்சத்தை ஆட்டாத," என்றார். பஞ்சை மாற்றிக்கொண்டே, "அந்த ஈயத்தை மொதல்ல அவுத்துப் போடு."

மறுநாள் லேசாகத் தட்டியதும் தட்டு கழன்று வந்தது. அதன் அடியில் இறுகியிருந்த பசையில் துப்பாக்கியின் ஒவ்வொரு கீறலும் அச்சாகப் பதிந்திருந்தது. திரும்பப் பூட்டிச் சுட்டுப் பார்த்தபோது டப்பாவின் நடுவில் ஓட்டை விழுந்தது. அன்று மாலையே அப்பா மெல்லிய தோலில் ஒரு ஜோடி செருப்பு வெட்டி, மகளின் உள்ளங்காலில் மெழுகு தேய்த்தார். கூச்சம் தாங்காமல் அவள் சிரித்தாள். அந்த வீடு அந்தச் சத்தத்தை மறந்தே போயிருந்தது.

"மெழுகு எதுக்குடா?" என்றாள் அத்தை. "ஒட்டிக்கிட்டா நிம்மதிதானே?"

"ஒட்டிட்டா அப்புறம் பேத்துத்தான் எடுக்கணும், அக்கா. கழட்டிட்டுப் போகணும்னு தோணுற அன்னைக்கு அவளே கழட்டிக்கட்டும்." தேய்த்த இடத்திலேயே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

பசை தடவிய செருப்புகளின்மேல் அவள் தன் உயரத்திலேயே நின்றாள். யாரும் தோளை அழுத்தவில்லை. இறுகியபின் நேராக நடந்து போய்த் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். அதற்கப்புறம் மழைக்காலம் தோறும் புது அச்சு எடுத்தார்கள். இடைவெளி சில வருடம் கூடியது, சில வருடம் குறைந்தது. பழைய ஜோடிகள் பட்டறை ஆணியில் தொங்கின. படிப்பு முடிந்து வேலைக்காக அவள் வேறு ஊருக்குப் போனபோது, அப்பா பசையும் மெழுகும் பெட்டியில் வைத்து அனுப்பினார்.

முதல் விடுமுறைக்கு வந்தவள் பட்டறையைக் கூட்டினாள். வேலையில் குனிந்திருந்த அப்பாவின் பாதத்துக்கு அடியில் துடைப்பம் புகுந்து மறுபக்கம் வந்தது. அவள் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவைத்தாள். மெழுகு டப்பாவை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள்.

"காலை நீட்டுப்பா."

நீட்டினார். சுண்டுவிரல் இடுக்கை விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னார்.